பாதியில் நிற்காத ஜீப்பு

போடியில் "வேலுச்சாமி வீடு எது?" என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கேத ஜீப்பு வேலுச்சாமி என்று சொன்னால், கேட்டவரின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்பார்கள். சாவுச் செய்தியை எங்கள் பக்கம் கேதம் என்று சொல்லுவோம். ஒரு வீட்டில் உயிர் போய்விட்டால் பந்தல்காரரைத் தேடி ஒருவர் போவார், வேலுச்சாமியைத் தேடி ஒருவர் போவார். அவன் தன் பழைய ஜீப்பின் மேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, செத்தவருக்குச் சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் போய் மைக்கில் சொல்லிவிட்டு வருவான்.

அவன் எனக்குத் தம்பி. அவன் தாய் ஒச்சம்மாளும் என் தாயும் அக்கா தங்கை மக்கள். அவன் கட்டிக்கொண்ட சுருளியம்மாளோ என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். எந்தப் பக்கமிருந்து எண்ணி வந்தாலும் அவர்கள் மகள் அனுசியா எனக்கு மருமகளாகத்தான் வருவாள். அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அவள் ரேடியோவில் பேசப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கதையைச் சொல்ல வந்தேன். அதை அவள் அப்பனிடமிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

ஒச்சம்மாள் விடிகாலையில் ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். வேலுச்சாமியைத் தொட்டிலில் போட்டது தோட்டத்து மரத்தில்தான். அவளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டபோது, அதே ஜீப்பில் வருகிற மருதாயி தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் இவனுக்கு ஒரு பக்கமும் கொடுத்து வளர்த்தாள். ஏலச்செடி ஆளை மறைக்கும். பக்கத்து வரிசையில் காய் எடுக்கிறவளின் முகம் தெரியாது. மேகம் இறங்கிவிட்டால் தன் கையே தெரியாது. அதனால் பெண்கள் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொள்வார்கள். "ஏ ஒச்சம்மா!" என்றால் "ஓய்!" என்று வர வேண்டும். வராவிட்டால் வேலையைப் போட்டுவிட்டுத் தேடிப் போவார்கள். வேலுச்சாமி பேசப் பழகியதே அந்தக் கூப்பாட்டில்தான். அடுத்த மேட்டுக்குக் கேட்கும், ஆனால் காதில் குத்தாது. அப்படி ஒரு குரல்.

வளர்ந்து தோட்டத்து ஜீப்பு ஓட்டினான். ஒரு நாள் கேதம் சொல்கிற ஆள் குடித்துவிட்டு விழுந்து கிடக்க, வண்டியோட்டப் போன இவன் மைக்கைப் பிடித்தான். அழுகையும் இல்லை, அலறலும் இல்லை. செத்தவர் பேரை, அடுத்த வீட்டுக்காரர் பேரைச் சொல்லுகிற மாதிரி பக்குவமாகச் சொன்னான். அதோடு அதுவே அவன் சோலியாகிவிட்டது.

புறப்படுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவான்.

"அக்கா, செத்தவருக்குத் தங்கச்சி மகன் ஒருத்தர் சிலமலைல இருக்காராம்ல?"

"இருந்தான். இப்ப ராசிங்காபுரத்துல மாமனார் வீட்டோட இருக்கான். அவன் பேரை விட்டுறாத, அவன் அப்பன் ஏற்கனவே பொருமல்ல இருக்கான்."

துக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு எல்லாப் பேரும் நினைவு வராது. ஒரு பேர் விடுபட்டால் பிணத்தைத் தூக்குவதற்குள் சண்டை வந்துவிடும். வேலுச்சாமி சொன்னால் ஒரு பேரும் விடுபடாது. இப்போதெல்லாம் ஆட்டோக்காரர்கள் ஒரு தடவை பேசிப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். இவனிடம் சொன்னால், "மிஷினு சொன்னாக் கேதம் கேக்குறவன் யாருகிட்டக்கா அழுவான்?" என்பான்.

அவனுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. கேத வீட்டு வாசலில் வாயைத் திறந்தால், கடைசி ஊரில் கடைசித் தெருவில் சொல்லி முடிக்கிற வரை நடுவில் நிற்க மாட்டான். டீ குடிக்க மாட்டான். வண்டியைத் திருப்ப மாட்டான். செல்போனை அணைத்து முன்பெட்டிக்குள் போட்டுவிடுவான்.

அது சும்மா வந்ததில்லை. கல்யாணமான மறு வருசம் சிலமலையில் யாருக்கோ கேதம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒருவன் சைக்கிளில் வந்து, "உனக்கு மகன் பெறந்திருக்கான்டா" என்று சொன்னான். சந்தோசத்தில் மைக்கைப் போட்டுவிட்டு, பாதித் தெருவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். பிள்ளை நன்றாகத்தான் இருந்தான். நாலாம் நாள் கண் மஞ்சளித்தது, பால் குடிக்கவில்லை, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு ஒச்சம்மாள் மகனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கேதத்தைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தியே, மிச்சத்தை நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துட்டியே அப்பு."

ஒச்சம்மாள் செத்து வெகு காலமாகிவிட்டது. அந்த வார்த்தை சாகவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நல்ல காரியத்துக்கு அவன் முன்னால் வர மாட்டான். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தின் சமையல்கட்டில் நிற்பான். யாருக்காவது போன் போட்டால் எடுத்தவுடன், "நல்ல சேதிதான், நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற தங்கபாண்டி அவனைச் சீண்டாத நாளில்லை.

"அண்ணே, டீயைக் குடிங்க, துட்டுக் குடுங்க, போங்க. என் முழுப் பேரை மட்டும் கேட்டு வச்சுக்கிராதீங்க."

"உன் பேரு எதுக்குடா? உன் டீயைக் குடிச்சவன் பேரைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்."

மகன் போனபின் வெகு நாள் கழித்துப் பிறந்தவள் அனுசியா. அப்பனின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. ஆனால் அவளை அந்த மைக்கைத் தொட விடமாட்டான். "ஆத்தா, அது நமக்கு வேணாம்" என்று பிடுங்கி வைத்துவிடுவான்.

சுருளியம்மாள் ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறாள். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து பெருங்காய், சிறுகாய், வெடித்த காய் என்று முறத்தில் பிரிப்பார்கள். நாள் முழுக்க அங்கே ரேடியோ பாடும். பள்ளிக்கூட லீவில் அனுசியாவும் அம்மாவோடு போய் உட்காருவாள். ரேடியோவில் அறிவிப்பாளர் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள், அடுத்த வாக்கியத்தை இவள் அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டுவாள். பெண்கள் சிரித்துச் சிரித்து முறத்தைக் கவிழ்ப்பார்கள். ஒரு நாள் நேயர்கள் பேசுகிற நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, லைன் கிடைத்துவிட்டது. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். "போடியில ஏலக்காய்க்கு நடுவுல உக்காந்து பேசுறேன். உங்க ஸ்டுடியோ வரைக்கும் வாசம் வந்திருக்கணுமே?" என்றாள். அந்தப் பக்கம் அறிவிப்பாளர் சிரித்த சிரிப்பு, மலை மேல் தோட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. சாயந்திரம் ஜீப்பில் இறங்கி வந்த பெண்கள், "சுருளி மகளாடி பேசுனது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அன்றைக்கு விழுந்த விதைதான். பன்னிரண்டாவது முடித்ததும், ரேடியோ, டிவியில் பேசுவதற்கு, நிகழ்ச்சி தயாரிப்பதற்கு என்று தனியாகக் கல்லூரிப் படிப்பு இருக்கிறது, அதில்தான் சேருவேன் என்று நின்றாள்.

வீட்டில் பேச்சு நடந்தது. நானும் இருந்தேன். சுருளியம்மாளின் தம்பி பாண்டியராஜ் தோட்டத்தில் கண்காணிப்பு வேலை பார்க்கிறவன். அவன் மகன் பிரதீப்புக்கு அனுசியா முறைப்பெண். அந்த உரிமையில் உட்கார்ந்தான்.

"மச்சான், ஒரு வீட்டுக்கு ஒரு மைக்கு போதாதா?" என்றான். "நர்சுக்குப் படிச்சா மலைல ஆஸ்பத்திரி இருக்கு. ரேடியோவுக்குப் படிச்சா என்ன இருக்கு? உங்க ஜீப்புதான் இருக்கு."

"மாமா, ஜீப்புல நான் ஏற மாட்டேன். எங்கப்பா விட மாட்டாரு" என்றாள் அனுசியா. "நான் சொன்னா நாலு பேரு சிரிக்கணும். அதுக்குத்தான் படிக்கப் போறேன்."

வேலுச்சாமி தன் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் பேசினால் ஊர் அழுகிறது, தன் குரலை வாங்கிக்கொண்டு பிறந்தவள் பேசினால் ஊர் சிரிக்கும் என்பது அவன் மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். "மாப்ளே, அவ படிக்கட்டும்" என்று எழுந்துவிட்டான்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று பார்க்க ஜெகதீஷிடம் போனார்கள். ஜெகதீஷ் உள்ளூர்க் கேபிள் டிவியில் கேமரா பிடிக்கிறவன். கல்யாண வீட்டுக்கும் போவான். எனக்கு அண்ணன் மகன். அவன்தான் விவரம் சொன்னான்.

"பேரைப் பாத்துச் சேராத தங்கச்சி. மீடியான்னு பெரிசா போர்டு வச்சிருப்பான். உள்ள போனா ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பூட்டுன ரூமும் இருக்கும். நீ போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேளு. மொத வருசமே எங்களை மைக்கு முன்னால உக்கார வைப்பீங்களா, இல்ல மூணு வருசமும் புஸ்தகம்தானா? அதைக் கேளு."

அவள் போன் போட்டுப் போட்டுக் கேட்டாள். ஒரு இடத்தில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்களாம். கடைசியில் இரண்டு நின்றது. கோயம்புத்தூரில் ஒன்று, டிவிப் படிப்பு. பெரிய விளக்கு, பெரிய கேமரா, படத்தில் பார்க்கவே சினிமா மாதிரி இருந்தது. மதுரையில் ஒன்று, சின்னது. ஆனால் அந்தக் கல்லூரிக்கென்று சொந்தமாக ஒரு ரேடியோ உண்டு. சுற்றி இருக்கிற ஜனங்களுக்கு மாணவர்களே பேசுவார்கள். முதல் வருசமே மைக் முன்னால் உட்காரலாம்.

"கோயம்புத்தூர் போ, மூஞ்சி டிவில வரும்" என்றாள் சுருளியம்மாள்.

"மூஞ்சியை வச்சு என்னம்மா பண்ண? எனக்குக் குரலுதான் இருக்கு" என்றாள் மகள்.

வேலுச்சாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அந்த மதுரை ரேடியோ நம்ம போடிக்குக் கேக்குமா ஆத்தா?"

"கேக்காதுப்பா. காலேஜைச் சுத்தி கொஞ்ச தூரந்தான் கேக்கும்."

"சரி, பரவால்ல" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒரு நா பஸ்சு ஏறி வந்து அங்க நின்னு கேட்டுக்கிறேன்" என்றான்.

மதுரை என்று முடிவானது. கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போடும்போது பெற்றோர் போன் நம்பர் கேட்டார்கள். அனுசியாவிடமும் போன் இருந்தது. ஆனால் வேலுச்சாமி முன்னால் வந்து, "என் நம்பரைப் போடுங்க" என்றான். அவன் போனுக்கு அதுவரை சாவைத் தவிர வேறு சேதி வந்ததில்லை. மகள் சேதியாவது நல்ல சேதியாக வரட்டும் என்ற ஆசைதான்.

குரல் தேர்வுக்கு ஆனி மாதம் கூப்பிட்டார்கள். அன்றைக்கேதான் சேர்க்கைக்கும் கடைசி நாள். பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும். வேலுச்சாமி போகவில்லை. "நல்ல காரியத்துக்கு நான் முன்னால போனா நல்லாவா இருக்கும்? நீ கூட்டிட்டுப் போ" என்று சுருளியம்மாளை அனுப்பினான். அவர்கள் கிளம்பும்போது கண்ணில் படக் கூடாதென்று வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுப் பக்கம் நின்றிருந்தான். மகள் அங்கேயே தேடி வந்து, "வர்றேன்ப்பா" என்றாள். "வெரசாப் போ, பஸ்சு போயிரும்" என்று திரும்பிக்கொண்டான்.

பஸ் போன கொஞ்ச நேரத்தில் மருதாயியின் பேரன் வந்து நின்றான். கிழவி விடிகிறபோது போய்விட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு வேலுச்சாமி போயிருக்க மாட்டான். மருதாயிக்கு வேறு ஆள் சொல்ல விட அவனுக்கு மனசில்லை. பால் கொடுத்தவள். சொந்தமோ சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் பொட்டிபுரத்திலும் சிதறிக் கிடந்தது. என்னிடம் வந்தான், பேர்களைக் கேட்டுக்கொண்டான். "புள்ளைக்கு இன்னைக்குத் தேர்வாச்சே தம்பி" என்றேன். "மத்தியானத்துக்குத்தான்க்கா கூப்புடுவாங்களாம். அதுக்குள்ள முடிச்சிருவேன்" என்றான். போனை அணைத்து முன்பெட்டியில் போட்டதை நான் பார்த்தேன். எப்போதும் செய்கிறதுதான், எனக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அங்கே மதுரையில் நடந்ததைச் சுருளியம்மாள் சொல்லித்தான் கேட்டேன். அனுசியாவை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். உன் ஊரைப் பற்றிப் பேசு என்றார்களாம். வெளியே நின்ற தாய்க்கு மகளின் வாய் அசைகிறது தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. உள்ளே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேராசிரியர் அம்மா மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏலத்தோட்டத்தில் மேகத்துக்குள் பெண்கள் குரல் கொடுத்துக்கொள்கிறதைச் சொன்னாளாம். வெளியே வந்ததும் அந்த அம்மா சுருளியம்மாளின் கையைப் பிடித்து, "உங்க பொண்ணுக்கு இடம் உண்டு. கவுன்டர்ல போய்ப் பதிஞ்சிருங்க" என்றார்.

கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் போனுக்கு ஒரு ஓடிபி போயிருக்கு. அந்த நம்பரைக் கேட்டுச் சொல்லுங்க. சீட்டு உறுதியாயிரும்."

அனுசியா போன் போட்டாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. மறுபடியும் போட்டாள்.

"சார், என் போனுக்கு அனுப்புங்க சார்."

"அப்படி மாத்த முடியாதும்மா. பதிஞ்ச நம்பருக்குத்தான் போகும். இன்னும் ஒரு மணி நேரம் வரைக்கும் எத்தனை தடவை வேணாலும் திருப்பி அனுப்புறேன். அதுக்கப்புறம் இது தானாப் பூட்டிக்கும். அடுத்த பேருக்குப் போயிரும்."

அடுத்த பேர்க்காரப் பெண் அங்கேயே பெஞ்சில் தகப்பனோடு உட்கார்ந்திருந்தாள். அந்த மனுசன் நல்லவர். சுருளியம்மாளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "கெடைச்சிரும்மா, பதறாதீங்க" என்று சொன்னாராம். சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து வாய்க்குள் என்னவோ வேண்டிக்கொண்டாராம்.

அனுசியா தங்கபாண்டி கடைக்குப் போன் போட்டாள். அவன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். சிலமலையில் கேட்டான், போய்விட்டது என்றார்கள். ராசிங்காபுரத்தில் சத்தத்தை வைத்துப் பிடித்துவிட்டான். வேலுச்சாமி ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் மைக்காக மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறான்.

"...காலஞ்சென்ற குருசாமி அவர்களின் மனைவியும், பொட்டிபுரம் முத்தையா, ராசிங்காபுரம் பேச்சியம்மாள் ஆகியோரின் தாயாருமான மருதாயி அம்மாள் அவர்கள்..."

தங்கபாண்டி வண்டியை ஜீப்புக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு கத்தினான். "அண்ணே! போனை எடுங்கண்ணே! பாப்பாவுக்கு ஓடிபி வேணுமாம்! ஓடிபி!"

அது அப்படியே மைக்கில் விழுந்தது. மருதாயி அம்மாள் அவர்கள் என்றதும் அடுத்தாற்போல ஓடிபி, ஓடிபி என்று ராசிங்காபுரம் முழுக்கக் கேட்டது. கடைவாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் முறைத்தார்கள்.

வேலுச்சாமி மைக்கைக் கையால் மூடினான். "என்னடா?"

"பாப்பா சீட்டுண்ணே! உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்காம். அதைச் சொன்னாத்தான் சீட்டாம். நிப்பாட்டுங்கண்ணே!"

தங்கபாண்டி இன்றைக்கும் சொல்லுவான், அந்த நேரம் வேலுச்சாமியின் கை முன்பெட்டி வரைக்கும் போனதாம். பெட்டியின் கொக்கியைத் தொட்டதாம். பிறகு எடுத்துக்கொண்டானாம்.

"முடிச்சிர்றேன்டா. பொட்டிபுரம் ஒண்ணுதான். பாதில விட்டா எம் புள்ளைக்கு ஆகாதுடா."

"அண்ணே, ஒரு நிமிசம்ண்ணே!"

"அன்னைக்கும் ஒரு நிமிசம்னுதான்டா நிப்பாட்டுனேன்."

ஜீப்பு நிற்கவில்லை. தங்கபாண்டி பின்னாலேயே போனான். பொட்டிபுரத்தில் மருதாயியின் மகன் முத்தையா தெருவில் விழுந்து புரண்டு அழுதான். அவனைத் தூக்கி உட்கார வைத்து, கடைசித் தெருவில் கடைசிப் பேர் வரை சொல்லிவிட்டு, மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, வேலுச்சாமி போனை எடுத்து உயிர் கொடுத்தான். ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. வந்து கிடந்ததெல்லாம் நம்பர். எது என்று தெரியாமல் கடைசியாக வந்ததை மகளுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"பூட்டிருச்சுப்பா" என்றாள் அவள்.

பெஞ்சில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். வேலுச்சாமி எதிரே போகப் பயந்துகொண்டு சுவரோரமாக நின்றான்.

"மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதுன்னுதான் ஆத்தா முடிச்சுட்டு வந்தேன்" என்றான்.

அனுசியா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "கொண்டாந்துட்டீங்கப்பா" என்று சொன்னாள்.

கத்தவில்லை. அழவில்லை. அதுதான் அவள் அப்பனிடம் பேசிய கடைசிப் பேச்சு, வெகு நாளைக்கு.

மறுநாள் வேலுச்சாமி தனியாக மதுரைக்குப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல காரியம் என்று நினைத்து முன்னால் போய் நின்றான். பேராசிரியர் அம்மா உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கண்ணுக்கெட்டாத ஆளுக்கெல்லாம் கேட்கப் பேசுகிறவனுக்கு, ஒரு மேசைக்கு முன்னால் நாக்கு எழும்பவில்லை. "எம் மக... நேத்து..." என்றானாம். அவ்வளவுதான் வந்தது. அந்த அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "நிறைஞ்சிருச்சுய்யா. அடுத்த வருசம் கட்டாயம் அனுப்புங்க" என்றார். கோயம்புத்தூரில் கேட்டதற்கு அங்கே ஏற்கனவே முடிந்துவிட்டது.

ஒரு வருசம் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவா என்று பாண்டியராஜ் கேட்டான். போடியிலேயே ஒரு கல்லூரியில் பி.காம். இடம் இருந்தது, சேர்த்துவிட்டார்கள். வீட்டில் முதலாவதாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற சலுகை ஒரே ஒரு படிப்புக்குத்தானாம். அதுவும் அங்கே போய்விட்டது. படிப்பு முடிந்ததும் பிரதீப்புக்குப் பேசிவிடலாம் என்று பாண்டியராஜ் ஒரு பேச்சைப் போட்டு வைத்தான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லீவு நாளில் கொட்டகைக்குப் போனால் பெண்கள், "ரேடியோக்காரி, ஒரு வார்த்தை பேசிக் காட்டுடி" என்று கேட்டுப் பார்த்தார்கள். "காயைப் பாருங்க அத்தை" என்று முறத்தைத் தட்டுவாள். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அப்பனுக்குச் சோறு போடுவாள், சட்டை துவைத்துப் போடுவாள். ஏதாவது கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். வேலுச்சாமி, "ஆத்தா, தண்ணி" என்பான். தண்ணீர் வரும். குரல் வராது. குரல் வராவிட்டால் தேடிப் போகிற வழக்கத்தில் வளர்ந்தவன். ஒரே வீட்டுக்குள் இருக்கிறவளை எங்கே போய்த் தேடுவான்?

அவனிடம் ஒரு மாற்றம் வந்தது. ஊரே பார்த்தது. போனை அணைப்பதை விட்டுவிட்டான். கேதம் சொல்லும்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அது ஒரு தரம் மணி அடித்தால் போதும், யார் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவான். வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை மாட்டி, வந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பான். கேஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கும், ரீசார்ஜ் போடு என்று வந்திருக்கும். ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் மைக்கை எடுப்பான். எங்கே விட்டோம் என்று மறந்துபோகும். பேர்கள் விடுபட ஆரம்பித்தன. "வேலுச்சாமிக்கு வயசாயிருச்சு, ஆட்டோவையே கூப்புடுங்க" என்று பேச்சு வந்தது. தங்கபாண்டி மட்டும் சீண்டுவதை நிறுத்திவிட்டான்.

இந்தச் சித்திரையில் மதுரைக் கல்லூரியில் மறுபடியும் விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று ஜெகதீஷ் வந்து சொன்னான்.

"வேணாம்ண்ணே" என்றாள் அனுசியா. "ஒரு வருசம் படிச்சாச்சு. அதைப் பாதில விட வேணாம்."

அந்த வார்த்தையை அவள் யோசித்துச் சொன்னாளா, தானாக வந்ததா, தெரியவில்லை. வேலுச்சாமி உள்ளே இருந்தான். கேட்டிருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் கொட்டகைத் தெருவழியாக அவன் ஜீப்பு வந்தது. தெருக்கோடியில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். பெண்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். செத்தவர் பேர் வந்தது. மனைவி பேர் வந்தது. "இவர்களின் மூத்த மகன்..." என்றபோது போன் மணி அடித்தது. மைக்கிலேயே கேட்டது. ஜீப்பு கொட்டகை வாசலில் நின்றுவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, "இந்த ஆளுக்கு என்னடி, செத்தவரு மகனுக்குப் பேரே இல்லையா?" என்று சிரித்தாள்.

அனுசியா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

வேலுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். உதடு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜீப்புக்குள் கையை நீட்டி அந்தப் போனை வாங்கினாள். அணைத்தாள். முன்பெட்டியைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள்.

"இனி எனக்கு ஒண்ணும் வராதுப்பா" என்றாள். "முடிச்சிட்டு வாங்க."

வேலுச்சாமி மைக்கைப் பிடித்தான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்தான் குழாயில் வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவர்களின் மூத்த மகன்..." என்று மறுபடியும் ஆரம்பித்தான். ஜீப்பு நகர்ந்தது.

அனுசியா திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கத் தொடங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்தவள் சுருளியம்மாள். அவள்தான் என்னிடம் சொன்னாள். வெளியே மகன்மார், மருமக்கள், பேரன் பேத்தி என்று வேலுச்சாமி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, மகளின் உதடும் அப்பனோடு சேர்ந்து ஒவ்வொரு பேருக்கும் அசைந்ததாம்.

"அன்னைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்த மாதிரியே இருந்துச்சு மதினி" என்றாள். "சத்தம்தான் வரல."